தாத்தாவின் பெயரைத் தேடாதீர்கள், வயலின் எண்ணைத் தேடுங்கள்

அறந்தாங்கிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமர நிழலில் மேசை போட்டு முப்பத்தொரு வருடம் பத்திரம் எழுதினேன். கண் மங்கி, கணினியும் வந்து, மேசையை எடுத்துவிட்ட பிறகும் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். முன்பு கிரயம் எழுத வந்தார்கள். இப்போது "ஐயா, எங்கள் பரம்பரையைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்று வருகிறார்கள். பாதிப் பேர் வரும்போதே ஒரு கதையோடு வருவார்கள்: அவர்கள் சோழர் படையில் தளபதியாக இருந்தவரின் வழி. சோழர் படையில் வெறும் சிப்பாயாக இருந்தவனின் வழியில் இன்றுவரை ஒருவரும் என் திண்ணையில் வந்து உட்கார்ந்ததில்லை. கதையை மடித்துப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு, "ஊரில் வயல் இருந்ததா? சர்வே எண் தெரியுமா?" என்று கேட்பேன். முகம் விழுந்துவிடும்.

நான் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்ப் பதிவேடுகளில் ஒன்றுகூட வம்சாவளிக்காக எழுதப்பட்டதல்ல. வரி வாங்குவதற்கும், கடனைத் திருப்பி வாங்குவதற்கும், நாளைக்குச் சண்டை வந்தால் எடுத்துக் காட்டுவதற்கும் எழுதியவை. அவற்றில் ஆள் பெயர் ஓரிடத்தில் கருப்பையா என்று இருக்கும், அடுத்த இடத்தில் "கருப்பையா என்கிற சுப்பிரமணியன்" என்று ஆகும், மூன்றாம் இடத்தில் வெறும் சுப்பன். வயல் அப்படி மாறுவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல் யார் யார் வந்து போனார்கள் என்று பார்த்துக்கொண்டே பின்னால் போனால், குடும்பம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள்

அலுவலகப் படி ஏறுவதற்கு முன், பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். பட்டா நகல், கிஸ்தி ரசீது, பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்று, ஜாதக நோட்டு எதையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். பழைய ஜாதகங்களில் பல, இன்னாருடைய பேரன், இன்னாருடைய புத்திரன் என்று தொடங்கும். ஒரே வரியில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது மொய் நோட்டை. எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல் எதுவானாலும் மொய் எழுதும் நோட்டு உண்டு. திரும்பச் செய்ய வேண்டிய கடன் என்பதால் யாரும் அதைத் தூக்கி எறிய மாட்டார்கள். என் பெற்றோர் கல்யாணம் 1951-இல். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீள வாக்கில் மடித்துத் தைத்தது, மேலே மஞ்சளால் பிள்ளையார் சுழி. முதல் பக்கம் தாய்மாமன் முறை. பிறகு ஊர் ஊராக: ஊர் பெயரைத் தலைப்பாக எழுதி, கீழே ஆள் பெயர், எதிரே தொகை. இரண்டு ரூபாய், ஒரு ரூபாய், எட்டணா. இதை வைத்துக்கொண்டே நம் வீட்டார் எந்தெந்த ஊரில் பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள் என்று வரைபடம் போடலாம். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஊர் பெயர் எதுவும் இல்லாமல், "வ. வீடு – ரூ. 5" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தக் காலத்து ஐந்து ரூபாய் சின்ன மொய் அல்ல. எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். அந்த வரியில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும் பெரியவர் இருப்பார். அவர் வீட்டு நோட்டையும் கேட்டுப் பாருங்கள். பங்காளிகள் எத்தனை வீடு, யார் வரி கட்டாமல் நின்றுபோனார்கள், எந்த ஆண்டில் எந்த வீடு இரண்டாகப் பிரிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்யாணம் ஆனவுடன் ஒரு தலைக்கட்டு கூடும். அது ஒரு கல்யாணப் பதிவேடு மாதிரிதான். நகரத்தார் இதை எப்போதோ ஒழுங்காகச் செய்துவிட்டார்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில், ஒவ்வொன்றிலும் புள்ளிக் கணக்கு. அவர்கள் என்னிடம் வருவதே இல்லை.

பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "உங்கள் தாத்தா எந்த வருடம் பிறந்தார்?" என்று கேட்டால் விழிப்பார்கள். "மேலக்காட்டை யார் உழுதார்? யாருக்கு விற்றீர்கள்? ஏன் விற்றீர்கள்? யாரோடு கோர்ட்டுக்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று மணி நேரம் பேசுவார்கள். வருடத்துக்கு நடந்த சம்பவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர், தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். "எம்டன் சமயத்தில் அப்பாவுக்குக் காது குத்தினார்கள்" என்று சொன்னால் போதும், கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ் வருடப் பெயரில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். "அப்பத்தா தாது வருடம் பிறந்தவர்" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். தாது என்றவுடன் பஞ்சம் நினைவுக்கு வந்து 1876 என்று எழுதிவிட்டார்கள். அந்த அம்மாளின் கடைசி மகன் 1960-இல் பிறந்தவர். அவர் பிறந்தது அடுத்த தாது, 1936. ஒரு தலைமுறையே நடுவில் கற்பனையாக முளைத்திருந்தது. வருவாய்த்துறைக் காகிதங்களில் பசலி ஆண்டு வரும். அதோடு 590 கூட்டிக்கொள்ளுங்கள், ஜூலையில் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி 1347 என்றால் 1937 ஜூலை முதல் 1938 ஜூன் வரை. நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்குக் கொல்லம் ஆண்டு. அதோடு 824 அல்லது 825.

எண்ணைப் பிடித்துப் பின்னால் போவது

இன்றைய பட்டாவில் இருக்கும் சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். பட்டாவும், ஊர் நிலங்களை எண்வாரியாகக் காட்டும் அ-பதிவேடும் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. ஆனால் அங்கே இருப்பது இப்போதைய நிலவரம். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைத் திருத்தி எழுதினார்கள். அலுவலகங்களில் யு.டி.ஆர். என்பார்கள். அதற்கு முன் இருந்த பதிவு வேண்டுமானால், தாலுகா அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியரகத்தின் ஆவண அறையிலோ பழைய செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணய) பதிவேட்டின் நகல் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். மறு அளவையில் எண் மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். இதை மறந்தவர்கள் இன்னொருவர் தாத்தாவைத் தம் தாத்தா என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். வாய்மொழியாகக் கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, சர்வே எண்ணையும் கிராமத்தையும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் ஏதாவது ஒரு பதில் வந்தாக வேண்டும்.

ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டையும் விட்டுவிடாதீர்கள். பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை அரசாங்கம் 1980 நவம்பர் 14 அன்று ஒழித்தது. எல்லாக் கணக்கையும் ஒப்படைத்துவிட்டார்கள் என்பது காகிதத்தில். பழைய அடங்கல் (பயிர்க் கணக்கு) கட்டுகள் சில, அவர்கள் வீட்டு மச்சில் கறையான் தின்றது போக இன்னும் கிடக்கின்றன. மரியாதையாகப் போய் உட்கார்ந்தால் எடுத்துக் காட்டுவார்கள்.

எந்த ஊர் எப்போது எந்த ஆட்சியின் கீழ் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனுவும் எழுதாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரி 14. அதற்கு முன் எங்கள் அறந்தாங்கி, தஞ்சாவூர் ஜில்லா. அங்கிருந்து சில மைல் தள்ளியிருக்கும் ஊர்கள் திருச்சி ஜில்லா. 1948 மார்ச் 3-க்கு முன் அவை திருச்சியும் அல்ல, தொண்டைமான் சமஸ்தானம். முத்திரைத் தாள்கூட வேறு. ஒரே குடும்பத்தில் அண்ணன் பத்திரம் ஒரு ராஜ்யத்தில், தம்பி பத்திரம் இன்னொரு ராஜ்யத்தில் இருக்கும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஜமீன் கிராமம் என்றால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்க செட்டில்மென்ட் நடந்தது. அதற்கு முந்தியதைத் தாலுகா அலுவலகத்தில் தேடிப் பயனில்லை. கோயில் ஊழியம், மடம், ஏரிக்காவல் என்று ஏதாவது மானிய நிலம் அனுபவித்த குடும்பமானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து, யார் கொடுத்தது, யார் யார் கை மாறி வந்தது என்று பதிவேடு எழுதியது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். 1860-களில் உயிரோடிருந்தவரின் பாட்டன் பெயர்வரைக்கும் சில பதிவுகள் போகும்.

பத்திரம் படிக்கும் வித்தை

இது என் தொழில். இங்கே கொஞ்சம் நின்று பேசுவேன்.

முதலில் வில்லங்கச் சான்று, ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். ஈ.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1975-க்குப் பிந்தையது பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, கையால் தேட வைக்க வேண்டும். அலுவலகம் பிரிந்து புதிதாக வந்ததென்றால் பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்தில் இருக்கும். 1938-இல் உங்கள் ஊர் எந்த அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

"சொத்துக்கு நீங்கள் யார்?" என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். தயங்க வேண்டாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் முதல் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். மூன்றாம் புத்தகம் உயில்களுக்கானது. எழுதியவர் உயிரோடிருக்கும் வரை மற்றவர்களுக்குத் தர மாட்டார்கள், இறந்துவிட்டால் யார் கேட்டாலும் தரலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா இறந்துவிட்டார் என்பதில் சந்தேகம் இருக்காது.

நகல் வந்தவுடன் தலை சுற்றும். ஒரே பத்தி, நிறுத்தற்குறி கிடையாது, நடுநடுவே புழுப் போல ஏதோ எழுத்து. அது புழு அல்ல. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் பாதிப் பத்திரம் திறந்துவிடும். "௸ கிராமத்திலிருக்கும் சுப்பையா குமாரர் ராமசாமிக்கு எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம் என்னவென்றால்" என்று ஓடும். "குமாரர்" என்ற சொல்லின் இரண்டு பக்கமும் ஒரு தலைமுறை.

அடுத்து, பணம் எதற்கு வாங்கினார்கள் என்று எழுதியிருக்கும். எல்லோரும் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். "என் மகள் கல்யாணச் செலவுக்காக" என்றால் அந்த மகளுக்குக் கல்யாணம் நடந்த ஆண்டு கிடைத்துவிட்டது. "என் தகப்பனார் உத்தரகிரியைச் செலவுக்கு" என்றால் கொள்ளுத்தாத்தா இறந்த சமயம் தெரிந்துவிட்டது. பிதுரார்ஜிதம் என்றால் தகப்பன் வழி வந்தது, அந்த எண்ணைத் தகப்பன் பெயரில் மேலே தேடலாம். சுயார்ஜிதம் என்றால் அவரே வாங்கியது, அவருக்கு விற்றவரின் பத்திரம் ஒன்று எங்கோ இருக்கிறது.

பிறகு நான்கெல்லை. "கருப்பையா நிலத்துக்கு வடக்கு, சின்னையா நிலத்துக்கு மேற்கு" என்று வரும் அந்தக் கருப்பையாவும் சின்னையாவும் யார்? ஒரே வயலை அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் பக்கத்து வயல்காரர்கள் ஆகிவிடுவார்கள். எல்லையில் இருக்கும் பெயர்களில் பாதி உங்கள் பங்காளிகளுடையவை. கடைசியாகச் சாட்சிகள். முதல் சாட்சி பெரும்பாலும் சம்பந்தி அல்லது மாமன் மச்சான். ஒன்றை நினைவில் வையுங்கள்: அலுவலகப் புத்தகத்தில் இருப்பது குமாஸ்தா பார்த்து எழுதிய நகல். மூலப் பத்திரம் எழுதிக்கொண்டவர் வீட்டில்தான் இருக்கும். நகலில் மூக்கன் முத்தன் ஆகியிருக்கலாம்.

பத்திரங்களில் ராஜா பாகப்பிரிவினைப் பத்திரம். உரிமையுள்ள ஆண்கள் அனைவரும், மைனர் இருந்தால் அவனுக்குக் கார்டியனாகத் தாயும், செத்துப்போனவனின் விதவையும் ஒரே இடத்தில் வரிசையாக நிற்பார்கள். அதற்கடுத்தது விடுதலைப் பத்திரம், பெண்களைத் தேடுவோருக்கு அதுதான் வாசல். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து மகளுக்கும் பங்கு என்றானதும், அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளை அலுவலகத்துக்கு அழைத்து வந்து, சீர் செய்தாகிவிட்டது என்று சொல்லி, உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினார்கள். எத்தனை பத்திரம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்! அன்றைக்கு அது கூலி. இன்றைக்குப் பார்த்தால், பட்டாவில் பெயர் வராத எத்தனையோ பெண்கள் பெயரோடும், புருஷன் பெயரோடும், வாழ்க்கைப்பட்ட ஊரோடும் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.

என் வீட்டுப் பத்திரம்

ஊரார் பத்திரமெல்லாம் படித்தவன், என் அப்பாவும் சித்தப்பாவும் 1961-இல் எழுதிய பாகப்பிரிவினையை மேசையை எடுத்த பிறகுதான் முழுதாகப் படித்தேன். தாத்தா ராமசாமி இறந்தது 1959. எ ஷெட்யூல் அப்பாவுக்கு, பி ஷெட்யூல் சித்தப்பாவுக்கு. அவற்றுக்குக் கீழே ஐந்து வரி: "௸ ராமசாமியின் மனைவி வள்ளியம்மைக்கு ஜீவனாம்சத்துக்காக 22 சென்ட், அவர் ஜீவியகாலம் வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

என் அப்பத்தாவின் பெயர் மீனாட்சி.

அந்தக் காலத்துப் பத்திரங்களில் இரண்டாம் மனைவி அதிசயமல்ல. சென்னை மாகாணத்தில் இருதார மணம் சட்டவிரோதமானது 1949-இல்தான். ஆனாலும் என் வீட்டில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வந்ததில்லை. அத்தையிடம் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "யாரோ" என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

பெயரைக் கேட்டுப் பயனில்லை என்று ஆனதும், மற்றவர்களுக்குச் சொன்னதை நானே செய்தேன். 22 சென்ட்டின் உட்பிரிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தேன். 1972-இல் பக்கத்து வயல்காரர் எழுதிய ஈட்டுப் (அடமானப்) பத்திரத்தில் நான்கெல்லையில் "வள்ளியம்மை அனுபவ நிலத்துக்குத் தெற்கு". அப்படியானால் அப்போது இருந்திருக்கிறார். 1978-இல் சித்தப்பா அந்த 22 சென்ட்டை விற்கிறார்: "எங்கள் சிறிய தாயார் காலஞ்சென்றபின் எங்களுக்குப் பாத்தியமான". நடுவில் ஆறு வருடம்.

ஆறு வருடத்து இறப்புப் பதிவேட்டைத் தேட வேண்டியதுதான். பழைய பிறப்பு இறப்புப் புத்தகங்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு இடத்தில் இருக்கும். தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும் கேளுங்கள். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இருக்காது. "ஆண், இன்னாருக்கு" என்றுதான் இருக்கும், பெயர் வைப்பதற்கு முன்பே முன்சீப்பிடம் சொல்லிவிடுவார்கள். அதனால் பிறந்தவன் பெயரில் தேடாமல் தகப்பன் பெயரில் தேட வேண்டும். எனக்கு ஓர் அலுவலகத்தில் மூன்று முறை "அந்த வருடப் புத்தகம் இல்லை" என்றார்கள். நான்காம் முறை போனபோது அது ஆடிக்கொண்டிருந்த பீரோவின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

1975. வள்ளியம்மை, கணவர் ராமசாமி, வயது 60, இறந்த காரணம் காய்ச்சல். இறப்புப் பதிவில் எல்லோரும் இறந்தவர் பெயரைப் பார்த்து நகலெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் கடைசிக் கட்டம் வரை விரலை ஓட்டுங்கள். தகவல் கொடுத்தவர் யார் என்று இருக்கும். அதில் ஓர் ஆண் பெயர், ஆவுடையார்கோயில் பக்கம் ஓர் ஊர், உறவுமுறை: மருமகன்.

மருமகன் என்றால் மகள் இருக்கிறாள். தாத்தா இறந்தது 1959; சட்டம் வந்தது 1956. என் அத்தையிடம் 1961-இல் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இந்த மகளிடம் அதுகூட வாங்கவில்லை. அப்படி ஒருவர் இருப்பதாகவே காட்டவில்லை. பத்திரம் எழுதுகிறவனுக்கு இது என்னவென்று புரிய ஒரு நிமிடம் போதும்.

நிலம் இல்லாதவர்களுக்கு

"எங்களுக்கு ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லையே" என்று வருகிறவர்கள்தான் அதிகம். உண்மை, பத்திரம் இருந்தவனுக்குத்தான் பேசும். ஆனால் வழி அடைந்துவிடவில்லை. பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர், தொழில், ஊர் இருக்கும். ஊரின் முதல் பள்ளியைத் தேடுங்கள், மிஷன் பள்ளியானால் இன்னும் நல்லது. பிரிட்டிஷ் பகுதியில் 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலம், இன்று வேறு யார் கையில் இருந்தாலும், பழைய பதிவேட்டில் முதலில் பெற்றவர் பெயரோடு இருக்கும். அதைக் கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம் போதும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் உறவினர்கள். முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு.

இலங்கைத் தோட்டத்துக்குப் போய், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பம் என்றால், வரும்போது கொடுத்த குடும்ப அட்டை யார் வீட்டிலாவது இருக்கும். அது இல்லாவிட்டாலும் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று கேளுங்கள். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் தன் சொந்தக்காரர்களையும்தான் ஆள் பிடித்துப் போனார். அவர் ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் பத்து மைலுக்குள் இருக்கும்.

கடல் கடந்து ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர்கள். வெள்ளைக்காரன் ஒவ்வொருவரையும் எண் போட்டு எழுதிவிட்டான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலிருக்கும் அடையாளம் வரை உண்டு. மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அம்மாள் கையில் அப்படி ஒரு நகல் இருந்தது. கிராமப் பெயரை ஆங்கிலத்தில் கேட்டபடி எழுதியிருந்தார்கள். அந்த எழுத்தைப் பட்டுக்கோட்டை என்றும் படிக்கலாம், புதுக்கோட்டை என்றும் படிக்கலாம். அவர் ஒரு வாரம் புதுக்கோட்டையில் சுற்றிவிட்டு வந்திருந்தார். ஜில்லா என்ற கட்டத்தில் தஞ்சாவூர் என்று இருந்ததைக் காட்டினேன். ஊர் பெயரை வாய்விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.

சில பள்ளங்கள்

பேரன் என்றால் பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அதனால் சுப்பையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் சுப்பையா, சுப்பையா மகன் ராமசாமி என்று மாறி மாறி ஓடும். 1890-இல் ஒரு ராமசாமியையும் 1950-இல் ஒரு ராமசாமியையும் பார்த்துவிட்டு ஒரே ஆள் என்று முடிச்சுப் போட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போகும். ஆண்டைப் பார்த்து, முதல் சாட்சியைப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள். ஒரே பெயரில் ஊர் இருப்பது அதைவிடப் பெரிய பள்ளம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனை ஊர் என்று நான் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். ஊர் பெயரோடு தாலுகாவும் பிர்க்காவும் (குறுவட்டமும்) இல்லாமல் நோட்டில் எழுதாதீர்கள்.

நோட்டு என்றதும் ஒன்று: ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே பத்திர எண், ஆண்டு, அலுவலகம். யார் சொன்னது என்றும் எழுதுங்கள். அத்தை சொன்னதும் பத்திரம் சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். பத்திரமும் பொய் சொல்லும், இப்போது பார்த்தீர்களே.

பழைய பத்திரம் கேட்டு எந்தப் பங்காளி வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும்போதே "பாகம் கேட்டு வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். காபி அதற்குப் பிறகுதான் வரும்.

நானும் ஆவுடையார்கோயில் பக்கம் அந்த ஊருக்குப் போனேன். மருமகன் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. எண்பது தாண்டிய ஓர் அம்மாள் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார். மூக்கு அப்படியே என் அப்பாவின் மூக்கு. நான் இன்னார் மகன் என்று சொல்லி, வழக்கமான வாக்கியத்தை எடுத்தேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் சிரித்துவிட்டார்.

"பாகம் கேட்டு வரவில்லையா? அதை நான்தானப்பா உன்னிடம் சொல்ல வேண்டும்."

காபி வந்தது. மொய் நோட்டின் கடைசி வரியைக் காட்டினேன். அவர் அம்மா அந்த ஐந்து ரூபாயை ஓர் ஆள் கையில் கொடுத்தனுப்பினாராம். கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். திரும்ப மொய் வந்ததா என்று நான் கேட்கவில்லை. நோட்டில் புதிதாக ஒரு பக்கம் எடுத்து, வள்ளியம்மை என்று தலைப்பிட்டு, அவருடைய தகப்பனார் பெயரைக் கேட்டு எழுதினேன். பிறந்த ஊர் எது என்று கேட்டேன்.

"புதுப்பட்டி" என்றார்.

"எந்தப் புதுப்பட்டி அத்தை?"

அது அவருக்கும் தெரியவில்லை.